பாக்கெட்டில் அடங்கும் கைத்துப்பாக்கி: எதை எடுக்கலாம்?

இர்விங்_முரளி

வணக்கம். இதுவரை படித்துவிட்டுப் போகிற ஆளாகவே இருந்தேன், நான் தொடங்கும் முதல் இழை இது. கிரீன் கார்டு கைக்கு வந்துவிட்டது. மைத்துனரோடு சேர்ந்து டல்லாஸ் பக்கம் கேஸ் ஸ்டேஷனோடு ஒட்டிய கடை ஒன்றை எடுத்திருக்கிறோம். வாரத்தில் பாதி நாள் இரவு கடையைப் பூட்டுவது என் பொறுப்பு. பூட்டிவிட்டுக் காருக்கு நடக்கிற தூரம்தான் உறுத்தல். பக்கத்து பிளாசாவில் ஒரு கடைக்காரரை அப்படித்தான் மடக்கியிருக்கிறார்கள்.

பேண்ட் முன் பாக்கெட்டில் வெளியே தெரியாமல் இருக்க வேண்டும். இடுப்பில் மாட்டுவது எனக்குச் சரிப்படாது. குனிந்து நிமிர்ந்து அட்டைப்பெட்டி தூக்குகிற வேலை, சட்டை மேலே ஏறிக்கொண்டே இருக்கும். பார்த்து வைத்திருப்பவை ரூகர் எல்சிபி மேக்ஸ், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 ரிவால்வர், சிக் பி365. துப்பாக்கிக் கடையில் எல்சிபியைத்தான் கையில் திணிக்கிறார்கள். வீட்டில் ஏழு வயதிலும் மூன்று வயதிலும் பிள்ளைகள். ஜூனில் அப்பா அம்மா ஊரிலிருந்து வருகிறார்கள். அனுபவசாலிகள் சொல்லுங்கள்.

கொங்கு_ஹூஸ்டன்

முரளி, கடைக்காரர் எல்சிபியைத் திணிப்பதில் ஆச்சரியமில்லை. எடை 300 கிராம்தான், பாக்கெட்டில் போட்டால் இருப்பதே தெரியாது, விலையும் கட்டுப்படியாகும். இதெல்லாம் கடையில் நின்றபடியே தெரிந்துவிடும். சுட்டுப் பார்த்தால்தான் மிச்சக் கதை தெரியும்.

புதிதாக வருகிற எல்லோரும் சின்னத் துப்பாக்கி என்றால் சுலபம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். உண்மை நேர்மாறு. துப்பாக்கி சிறுக்கச் சிறுக்கச் சுடுவது கஷ்டமாகிக்கொண்டே போகும். எடை குறைந்தால் உதை முழுக்கக் கைக்கு வந்துவிடும். பிடி குட்டை, சுண்டுவிரல் அந்தரத்தில் நிற்கும். எல்சிபி மேக்ஸின் குழல் மூன்று அங்குலம்கூட இல்லை, 2.8 அங்குலம்தான். முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே இடைவெளி அவ்வளவு சின்னது என்றால், கை ஒரு நூல் பிசகினாலும் ஏழு கஜத்தில் அது ஒரு சாணாகத் தெரியும்.

அடுத்தது ஸ்லைடு, அதாவது சுடும்போது பின்னும் முன்னும் ஓடுகிற மேல்பகுதி. ஸ்லைடின் எடை குறைந்தால் அதைக் கட்டுப்படுத்த ஸ்பிரிங்கை விறைப்பாக வைத்தாக வேண்டும். அதனால்தான் குட்டித் துப்பாக்கியின் ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்கப் பெரிய துப்பாக்கியைவிட அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கிறது. அதோடு, மணிக்கட்டைத் தளர்வாக வைத்துச் சுட்டால் துப்பாக்கி முழுவதும் கையோடு பின்னால் போய்விடும், ஸ்லைடு முழு தூரம் ஓடாது, காலித் தோட்டா வெளியே வராமல் மாட்டிக்கொள்ளும். பதற்றத்தில் ஒரு கையால் சுடும்போது இது நடக்க நிறைய வாய்ப்பு.

எல்சிபி சுடுகிற .380 தோட்டாவைப் பற்றியும் கேட்பீர்கள். ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1908இல் கோல்ட் கம்பெனி கொண்டுவந்தது. குண்டின் விட்டம் 9 எம்எம்மோடு ஒன்றுதான், தோட்டா உறை மட்டும் இரண்டு மில்லிமீட்டர் குட்டை. குண்டு எடையும் வேகமும் குறைவு. 1986 மயாமி துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு எஃப்பிஐ ஒரு அளவுகோல் வைத்தது: ஜெலட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம் வரை குண்டு போக வேண்டும். குட்டைக் குழலிலிருந்து வரும் .380 ஹாலோ பாயிண்ட் (முனையில் குழி உள்ள, பட்டதும் மலரும் குண்டு), நன்றாக மலர்ந்தால் 12ஐத் தொடாமல் நின்றுவிடுகிறது, மலராவிட்டால் ஆழமாகப் போகிறது. அதனால் .380க்கு உருண்டை முனைக் குண்டே போதும் என்று ஒரு கோஷ்டி உண்டு. இணையத்தில் இந்தச் சண்டை ஓயவே ஓயாது, நீங்கள் அதில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

என் கட்சி இதுதான்: உங்கள் பாக்கெட் தாங்குகிற அளவில் மிகப் பெரியதை எடுங்கள், மிகச் சின்னதை அல்ல. வாங்குவதற்கு முன் வாடகைக்குத் துப்பாக்கி தரும் ரேஞ்ச் (சுட்டுப் பழகும் இடம்) ஒன்றுக்குப் போய் மூன்றையும் சுட்டுப் பாருங்கள். சுடாமல் வாங்காதீர்கள்.

பழையசோறு

யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன். வருகிறவனுக்கு என்ன வேண்டும்? பணப்பை. கொடுத்துவிட்டால் போய்விடுவான். கை பாக்கெட்டுக்குள் போவதைப் பார்த்தால்தான் சுடுவான். அவன் துப்பாக்கி ஏற்கெனவே வெளியே இருக்கிறது, உங்களுடையது துணிக்குள் இருக்கிறது. யார் முந்துவார்கள்?

வசூலை இரவில் கையில் எடுத்துப் போவதை நிறுத்துங்கள். தரையில் போல்ட் போட்ட டிராப் சேஃப் (திறக்காமலே பணத்தை உள்ளே போடும் பெட்டகம்) வையுங்கள், காலையில் வங்கிக்குப் போகட்டும். காரைக் கதவுக்கு நேரே நிறுத்துங்கள். வெளியே நல்ல விளக்கு. பூட்டும்போது இரண்டு பேர். இத்தனையும் செய்த பிறகும் துப்பாக்கி வேண்டும் என்றால் வாங்குங்கள்.

கொங்கு_ஹூஸ்டன்

@பழையசோறு சொல்வதில் பாதிக்கு மேல் சரி. ஏற்கெனவே குறி வைத்துவிட்டவன் முன்னால் பாக்கெட்டில் கை விடுவது தற்கொலைதான். பணத்துக்காக யாரும் சுடவும் வேண்டாம், சுடப்படவும் வேண்டாம். பையைத் தூக்கி ஒரு பக்கம் எறிந்துவிட்டு மறுபக்கம் நடங்கள்.

ஆனால் பாக்கெட் துப்பாக்கிக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை விட்டுவிட்டார். ஆள் நடமாட்டம் சரியில்லை என்று தோன்றும்போதே கையைப் பாக்கெட்டில் விட்டுப் பிடியைப் பற்றிக்கொண்டு நடக்கலாம். பார்ப்பவனுக்குக் குளிருக்குக் கை விட்டது போலத்தான் தெரியும். இடுப்பில் இருந்தால் சட்டையைத் தூக்கினால்தான் உண்டு. ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் கையை எடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம், யாருக்கும் தெரியாது.

மட்டுறுத்துநர்

துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டுமா வேண்டாமா என்பதற்கு வேறு இழை ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே தேர்வு, பாதுகாப்பு, சட்டம் மட்டும். இரண்டு பதிவுகளை நகர்த்தியிருக்கிறேன்.

மீனா_ஆஸ்டின்

ரிவால்வர் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் பெண் என்றாலே "உங்களுக்கு ரிவால்வர்தான் மேடம் சரி" என்று கடைகளில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பார்கள்.

642 நல்ல பொருள்தான். ஐந்து குண்டு, .38 ஸ்பெஷல், சுமார் 410 கிராம், சுத்தியல் உள்ளே மூடியிருப்பதால் வெளியே எடுக்கும்போது துணியில் சிக்க எதுவும் இல்லை. அவசரம் என்றால் ஜாக்கெட் பாக்கெட்டுக்குள் இருந்தபடியே சுடலாம். ஸ்லைடு இல்லாததால் துணி சிக்கி நிற்கும் பேச்சே இல்லை. எதிராளி உடம்போடு உடம்பாக மல்லுக்கட்டும்போது குழல் முனையை அழுத்தினால் பிஸ்டலில் ஸ்லைடு சற்றுப் பின்வாங்கி வெடிக்காமல் போகலாம், ரிவால்வரில் அந்தத் தொல்லை கிடையாது. தோட்டா வெடிக்காவிட்டால் விசையை இன்னொரு முறை இழுத்தால் அடுத்த அறை வந்துவிடும்.

ஆனால் அந்த விசை! ஐந்து கிலோவுக்கு மேல் அழுத்தம் கேட்கிறது, நீளமான இழுவை. துப்பாக்கியின் எடையோ அரைக் கிலோவுக்கும் குறைவு. விரலை இழுக்க இழுக்கக் குழல் மூக்கு கீழே சாய்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மருந்தில்லாத போலித் தோட்டா போட்டு வீட்டில் நிறையப் பழகினால்தான் அது அடங்கும். .38 உதையும் லேசுப்பட்டதல்ல, மெல்லிய ரப்பர் பிடியோடு ஒரு பெட்டி சுட்டால் உள்ளங்கை எரியும்.

எனக்குக் கையில் பலம் குறைவு. வீட்டுக்கு வைத்திருப்பது ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்டு ஈஸி .380. 2018இல் வந்தது, ஸ்லைடு உண்மையிலேயே லேசாக வரும். ஆனால் அது பாக்கெட்டுக்குப் பெரிது. வெளியே போகும்போது ரூகர் எல்சிஆர், .22 ரகம், எட்டு குண்டு. .22ஐப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். விளிம்பில் அடித்து வெடிக்கும் தோட்டா சில சமயம் வெடிக்காமல் போகும் என்பதும் தெரியும், ரிவால்வரில் அதற்கு மருந்து இன்னொரு இழுவை. எட்டையும் வைத்த இடத்தில் வைக்க என்னால் முடிகிறது, .38இல் இரண்டாவது குண்டு எங்கே போகிறது என்றே எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, உங்கள் மனைவிக்கும் சேர்த்து யோசிக்கிறீர்கள் என்றால்: கைப்பை வேண்டவே வேண்டாம். 2014 டிசம்பர் கடைசியில் ஐடஹோவில் ஒரு வால்மார்ட்டில், துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்த கைப்பையிலிருந்து இரண்டு வயதுக் குழந்தை எடுத்துச் சுட்டதில் தாய் அந்த இடத்திலேயே இறந்தார். பை ஷாப்பிங் கார்ட்டில் குழந்தைக்குப் பக்கத்தில் இருந்தது. உடம்போடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூட்டுக்குள் இருக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் இதற்கு நடுவில் எதுவும் கிடையாது.

வக்கீல்_இல்லீங்க

பெயரிலேயே சொல்லிவிட்டேன், நான் வக்கீல் இல்லை. சந்தேகம் என்றால் இமிகிரேஷன் வக்கீலிடம் கேளுங்கள். ஆனால் நம்மவர்கள் வழுக்கி விழும் இடங்கள் எனக்குத் தெரியும்.

முரளி கிரீன் கார்டு என்பதால் பிரச்சினை இல்லை. படிவம் 4473 நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்தால் வாங்கலாம். எச்1பி, எச்4 (வேலை, குடும்பம்), எஃப்1 (படிப்பு), பி2 (சுற்றுலா) விசாக்கள் எல்லாம் வேறு. கூட்டாட்சிச் சட்டத்தின் 922ஆம் பிரிவுப்படி குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. "வைத்திருப்பது" என்பதில் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் அடக்கம். ஜூனில் அப்பா வருகிறார், ஒரு ஜாலிக்கு ரேஞ்சுக்குக் கூட்டிப்போய் போட்டோ எடுப்போம் என்று நினைத்தீர்கள் என்றால், அப்பா பி2 விசாவில் இருப்பவர் என்பதை மறக்காதீர்கள். வாட்ஸாப் குரூப்பில் அப்படி எத்தனை போட்டோ பார்த்திருக்கிறேன், பயமாக இருக்கிறது.

மைத்துனர் எந்த ஸ்டேட்டஸ்? அவரோ கடையில் வேலை செய்பவரோ எச்1பி அல்லது எச்4 என்றால், கல்லாப்பெட்டிக்குக் கீழே பொதுவாக ஒரு துப்பாக்கி என்ற ஏற்பாடே கூடாது. துப்பாக்கிக் குற்றங்கள் நாடுகடத்தலுக்கே காரணமாகும். கிரீன் கார்டுக்காரருக்கும் அது பொருந்தும்.

டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயதானவர்கள், வேறு தடை இல்லாவிட்டால், உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். அப்புறம் எதற்கு எல்டிசி என்கிற, எடுத்துச் செல்லும் உரிமம் என்று கேட்பார்கள். எடுங்கள். கட்டணம் 40 டாலர்தான், வகுப்பு சில மணி நேரம், 3, 7, 15 கஜத்தில் ஐம்பது குண்டு, 250க்கு 175 எடுத்தால் தேர்வு. பல மாநிலங்களில் அது செல்லும். பிள்ளையைப் பள்ளியில் விடுகிறவருக்கு இன்னொரு காரணமும் உண்டு: பள்ளியைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி கூடாது என்ற கூட்டாட்சிச் சட்டத்தில் மாநில உரிமம் பெற்றவருக்கு விலக்கு இருக்கிறது. உரிமம் இல்லாமல் எடுத்துச் செல்பவருக்கு இல்லை.

கதவில் ஒட்டியிருப்பதைப் படிக்கப் பழகுங்கள், துப்பாக்கியோடு உள்ளே வராதே என்ற அறிவிப்புகள் அவை. 30.05 உரிமம் இல்லாதவருக்கு, 30.06 உரிமத்தோடு மறைத்து வைத்திருப்பவருக்கு, 30.07 வெளியே தெரிய வைத்திருப்பவருக்கு. சிவப்பில் 51% என்று இருந்தால் மது விற்பனையே முக்கால்வாசிப் பிழைப்பான இடம், உள்ளே போகாதீர்கள். தபால் நிலையத்தில் கார் நிறுத்தும் இடம்கூட ஆகாது.

டெக்சஸ் தண்டனைச் சட்டம் 46.13ஐயும் ஒரு தடவை படியுங்கள். கவனக்குறைவாகப் பூட்டாமல் வைத்த, குண்டு போட்ட துப்பாக்கி 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கைக்குப் போனால் அது உங்கள் மேல் குற்றம். ஊரிலிருந்து வரும் அம்மா மெத்தையைத் தட்டிப் போடுவார், அலமாரியை ஒழுங்கு செய்வார், பேண்டைத் துவைக்கப் போடுவார். அவர் வருவதற்கு முன்பே பூட்டுப்பெட்டி சுவரிலோ தரையிலோ போல்ட் ஆகியிருக்க வேண்டும்.

பழையசோறு

"முக்கால்வாசி" இல்லை அண்ணே, 51 என்றால் பாதிக்குச் சற்று மேல். மற்றபடி நல்ல பதிவு.

வக்கீல்_இல்லீங்க

பேச்சுவழக்கு! வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து வந்தால். போதுமா?

நியூஜெர்சி_தம்பி

டெக்சஸ்காரர்கள் பேசுவதைக் கேட்டால் வேறு நாடு மாதிரி இருக்கிறது. இங்கே வாங்கவே பெர்மிட், அதற்குக் காவல் நிலையம், கைரேகை, பரிந்துரைக்க ஆள். 2022இல் உச்ச நீதிமன்றத்தின் புரூன் தீர்ப்பு வந்த பிறகுதான் சாதாரண ஆளுக்கு எடுத்துச் செல்லும் பெர்மிட் என்பதே நடைமுறையில் சாத்தியமானது. ஹாலோ பாயிண்ட் வேறு தகராறு. வீட்டில் வைத்திருக்கலாம், ரேஞ்சுக்குக் கொண்டு போகலாம், ஆனால் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு தெருவில் நடக்க முடியாது. டெக்சஸில் வாங்கி வைத்த தோட்டாவோடு யாராவது காரில் இந்தப் பக்கம் எடிசனுக்கு வந்துவிடாதீர்கள். உங்கள் எல்டிசியும் இங்கே செல்லாது.

டொரோண்டோ_அண்ணை

தம்பிமார், எங்கட பக்கம் இந்தக் கதைக்கே இடமில்லை. 2022 ஒக்ரோபர் 21இல் இருந்து கைத்துவக்கு விற்கிறது, வாங்குறது, கைமாத்திறது எல்லாம் நிப்பாட்டியாச்சு. ஆக்களுக்கு அடிக்கிற பெப்பர் ஸ்பிரேகூட தடைசெய்யப்பட்ட ஆயுதம். ஸ்காபரோவில கடை வச்சிருக்கிற எங்கட சனம் ஷட்டரும் கமராவும் பொத்தானும் எண்டுதான் சமாளிக்குது. இருந்தாலும் ஆர்வமாக வாசிக்கிறன், தொடருங்கோ.

இர்விங்_முரளி

எல்லோருக்கும் நன்றி. மைத்துனர் சிட்டிசன், கடையில் வேலைக்கு இருப்பவர்கள் பற்றி விசாரிக்கிறேன். டிராப் சேஃப் யோசனை மனைவிக்கு மிகவும் பிடித்துவிட்டது, ஆர்டரும் போட்டாகிவிட்டது.

ஒரு கேள்வி. பிள்ளைகள் இருப்பதால் சேம்பரில் (சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறை) குண்டு ஏற்றாமல், தோட்டா அடுக்கிய மேகசின் மட்டும் போட்டு வைத்துக்கொண்டால் என்ன? தேவைப்படும்போது ஸ்லைடை இழுத்துக்கொள்ளலாமே.

கொங்கு_ஹூஸ்டன்

நம்மவர்கள் எல்லோரும் கேட்பது. காரணமும் புரிகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: ஒரு கையில் கடைச் சாவி, அல்லது அந்தக் கையால் ஒருவனைத் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள். ஸ்லைடை இழுக்க இரண்டு கை வேண்டும். மேலே சொன்ன அந்த விறைப்பான ஸ்பிரிங்கை, கை நடுங்கும்போது, வியர்த்த விரலால். பாதி இழுத்து விட்டால் தோட்டா குறுக்கே மாட்டும்.

பிள்ளைகள் பாதுகாப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சேம்பர் காலி என்பது பூட்டு அல்ல, ஏழு வயதுப் பையன் இழுத்துப் பார்ப்பான். பூட்டுப்பெட்டிதான் பூட்டு.

ஆனால் குண்டு ஏற்றிய பிஸ்டல் தொடையோடு இருப்பது உங்களுக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் என்றால் அதை மறைக்க வேண்டாம், அதற்குத்தான் 642 இருக்கிறது. ஐந்து கிலோ இழுவை தானே ஒரு காவல். இல்லை, கையால் தள்ளும் சேஃப்டி உள்ள ரகம் பாருங்கள், எல்சிபி மேக்ஸிலேயே அப்படி ஒன்று வருகிறது. அதை எடுத்தால் ஒவ்வொரு தடவை வெளியே எடுத்துப் பழகும்போதும் கட்டைவிரல் சேஃப்டியைத் தள்ளிப் பழக வேண்டும்.

எதுவானாலும் பாக்கெட் ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) இல்லாமல் வெறும் பாக்கெட்டில் போடவே கூடாது. விசையை முழுக்க மூட வேண்டும். அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை, பேனா, டிஷ்யூ எதுவும் கூடாது. அது துப்பாக்கியின் பாக்கெட், அவ்வளவுதான்.

இர்விங்_முரளி

போன சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போய்வந்தேன். மூன்றையும் வாடகைக்கு எடுத்தேன்.

எல்சிபி மேக்ஸ்: கொங்கு அண்ணன் சொன்னது அத்தனையும் நடந்தது. முதல் மேகசின் முடிவதற்குள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சிவந்துவிட்டது. ஐந்து கஜத்திலேயே குண்டுகள் தாள் முழுக்க விளையாடின. பத்து பிளஸ் ஒன்று (மேகசினில் பத்து, சேம்பரில் ஒன்று) என்பது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நான்காவது குண்டுக்கு முன்பே எனக்குக் கண் சிமிட்டல் வந்துவிட்டது.

642: மீனா சொன்ன மாதிரி மூக்கு கீழே போனது. எல்லாம் இடது பக்கம் கீழே. ரேஞ்சில் இருந்தவர் என் விரலைப் பார்த்துவிட்டு, குண்டில்லாமல் வீட்டில் பழகினால் சரியாகிவிடும் என்றார். பிடித்திருந்தது, ஆனால் அவ்வளவு பொறுமை எனக்கு இருக்கிறதா தெரியவில்லை.

பி365: சுடுவதற்கு அருமை. 9 எம்எம், 500 கிராம், பத்து பிளஸ் ஒன்று, குண்டு எல்லாம் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள். ஆனால் என் பேண்டில் போட்டுப் பார்த்தால் பிடியின் பின்மூலை துருத்திக்கொண்டு நிற்கிறது, ஹோல்ஸ்டரோடு வெளியே எடுக்கும்போது பாக்கெட் வாயில் சிக்குகிறது.

நான் முழிப்பதைப் பார்த்து அவர் கிளாக் 42ஐ எடுத்துக் கொடுத்தார். பட்டியலிலேயே இல்லாதது. .380தான், ஆனால் எல்சிபியைவிடத் தொண்ணூறு கிராம் கூட. அந்தத் தொண்ணூறு கிராமில் என்னதான் இருக்கிறதோ, உதை பாதியான மாதிரி ஒரு உணர்வு. ஆறு பிளஸ் ஒன்று மட்டும். இது பின்னடைவா?

கொங்கு_ஹூஸ்டன்

நானே சொல்லியிருக்க வேண்டியது, .380இல் இதைவிடச் சாதுவான குட்டி பிஸ்டல் குறைவு. ஒப்பிட வேண்டும் என்றால் வால்தர் பிபிகே .380 சுட்டுப் பாருங்கள். அது கிளாக் 42ஐவிடக் கனம், இருந்தும் கையைக் கடிக்கும். அதில் குழல் அசையாது, தோட்டா உறையே ஸ்லைடை நேராகப் பின்னுக்குத் தள்ளுகிறது, அந்த வேகம் முழுக்க உள்ளங்கைக்கு வருகிறது. கிளாக் 42இல் குழலும் ஸ்லைடும் கொஞ்ச தூரம் சேர்ந்தே பூட்டியபடி ஓடிப் பிறகுதான் பிரிகின்றன. எடை மட்டும் கணக்கில்லை, உள்ளே இருக்கும் பொறியும் கணக்கு.

ஏழு குண்டு பற்றிக் கவலை வேண்டாம். தாளில் பட்ட ஏழு, சுவரில் பட்ட பதினொன்றைவிட மேல். இதுவும் 2014இலிருந்து புழக்கத்தில் இருக்கிற மாடல், ஆரம்பக் கோளாறு எல்லாம் தீர்ந்தாகிவிட்டது. புதிதாக வந்த எதையும் முதல் வருடத்தில் வாங்காதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரூகரே 2008இல் எல்சிபி வெளிவந்த அதே வருடம், கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்று திரும்பப் பெற்றுச் சரி செய்து கொடுத்தது.

கிளாக்கில் கையால் தள்ளும் சேஃப்டி கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஹோல்ஸ்டருக்குள் வைப்பதை மேசை மேல் வைத்துச் செய்யுங்கள், பிறகு இரண்டையும் சேர்த்துப் பாக்கெட்டில் இறக்குங்கள். பாக்கெட்டில் இருக்கும் ஹோல்ஸ்டருக்குள் துப்பாக்கியைக் குருட்டாம்போக்கில் திணிக்காதீர்கள்.

மீனா_ஆஸ்டின்

எடுக்கும் முறை ஒன்றும் இருக்கிறது. பாக்கெட்டில் கையை விட்டுப் பிடியை முஷ்டியாக மடக்கினால் கை பெரிதாகி வாயில் சிக்கும். கட்டைவிரலை ஸ்லைடின் பின்பக்கத்தில் தட்டையாக வைத்து இழுங்கள், கை வழுக்கிக்கொண்டு வரும். வெளியே வந்த பிறகு கட்டைவிரலைச் சுற்றலாம். காரில் பெல்ட் போட்டு உட்கார்ந்த நிலையில் எடுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட முடியாது. காருக்கு நடக்கும் தூரத்துக்குத்தான் பாக்கெட், காருக்குள் ஏறியதும் கதவைப் பூட்டிவிட்டு வண்டியை எடுத்துவிடுங்கள். இத்தனையும் குண்டில்லாமல் பழக வேண்டியது, தோட்டாக்கள் அடுத்த அறையில் இருக்கட்டும்.

வக்கீல்_இல்லீங்க

பாக்கெட் துப்பாக்கிக்காரர்களுக்கென்றே ஒரு கண்டம் இருக்கிறது: விமான நிலையம். லேசாக இருப்பதால் மறந்துவிடுவார்கள். 2023இல் மட்டும் விமான நிலையப் பாதுகாப்புத் துறையான டிஎஸ்ஏவின் சோதனையில் சிக்கியவை 6,737 துப்பாக்கிகள், அதில் 93 சதவீதம் குண்டு ஏற்றியவை. டல்லாஸ் விமான நிலையம் அந்தப் பட்டியலில் எப்போதும் மேலே இருக்கும். அபராதம் ஒரு பக்கம், கிரீன் கார்டுக்காரருக்கு அது வேறு தலைவலி.

அதைவிட மோசம் ஊருக்குப் போகும்போது. ரேஞ்சுக்கு எடுத்துப் போகிற பையையே கேபின் பையாக எடுத்துக்கொண்டு போவார்கள். ஓரத் தையலில் ஒரே ஒரு தோட்டா மாட்டியிருக்கும். இங்கே தப்பிவிடும், திரும்பி வரும்போது அங்கே ஸ்கேனரில் தெரியும். இந்திய ஆயுதச் சட்டம் 1959இல் ஒரு தோட்டாவுக்கும் வழக்குதான். தெரிந்தே வைத்திருக்கவில்லை என்று உயர் நீதிமன்றத்தில் ரத்து செய்ய முடிகிறது, ஆனால் அதுவரை விமானமும் போய்விடும், லீவும் போய்விடும். ரேஞ்சுக்கென்று தனிப் பை, அது வீட்டை விட்டு வேறெங்கும் போகக் கூடாது.

இர்விங்_முரளி

கிளாக் 42க்கு முன்பணம் கட்டிவிட்டேன். படுக்கையறை அலமாரிக்குள் பூட்டுப்பெட்டியை நேற்று போல்ட் அடித்தாகிவிட்டது. எல்டிசி வகுப்புக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். தோட்டா எது வாங்குவது?

கொங்கு_ஹூஸ்டன்

பழகுவதற்கு 95 கிரெய்ன் எடையுள்ள உருண்டை முனைக் குண்டு, எது மலிவாகக் கிடைக்கிறதோ அது. .380 எப்போதும் 9 எம்எம்மைவிட விலை கூடத்தான், அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பயிற்சி நின்றுவிடும். பாக்கெட்டில் வைப்பதற்கு ஹார்னடி, ஃபெடரல் போன்ற கம்பெனிகளின் தற்காப்பு ரகத்தில் ஒன்றை எடுத்து, உங்கள் துப்பாக்கியில் சில பெட்டிகள் ஓட்டிப் பாருங்கள். ஒரு இடத்தில்கூட மாட்டாமல் ஓடினால் அதுவே உங்கள் தோட்டா, அதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் தூசைத் துடையுங்கள், பாக்கெட் நூல்தூசு குழலுக்குள்ளேயே போய் உட்காரும்.

மீனா_ஆஸ்டின்

பேண்டையும் பாருங்கள் முரளி. ஜீன்ஸில் துப்பாக்கியின் வடிவம் வெளியே தெரியும், சினோஸ் பரவாயில்லை. பாக்கெட் துணி மெலிசாக இருந்தால் எடை தாங்காமல் தையல் விடும். ஆல்டரேஷன் கடையில் கொடுத்துக் கெட்டித் துணியில் இரண்டு அங்குலம் ஆழமாக்கிக்கொள்ளலாம், செலவு பெரிதாக ஆகாது.

இர்விங்_முரளி

ஆல்டரேஷன் கடைக்காரர் எதற்கு என்று கேட்டால்?

பழையசோறு

பெரிய போன் என்று சொல்லுங்கள். அந்த டிராப் சேஃப் வந்துவிட்டதா?

இர்விங்_முரளி

வியாழக்கிழமை வருகிறது. மாட்டியதும் படம் போடுகிறேன்.